வட சென்னையில் ஒரு தெருவுக்கு எட்டு வார மன அழுத்தக் குறைப்பு: நடத்துபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

காசிமேட்டிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு தெருமுனையில் ‘மன அழுத்த மேலாண்மை முகாம்’ என்று பேனர் கட்டினால் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். அதே இடத்தில் ‘பி.பி. இலவசமாகப் பார்க்கப்படும்’ என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினால் வரிசை நிற்கும். ‘மன’ என்று தொடங்கும் பலகையைப் பார்த்ததும், தன்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் வந்துவிடுகிறது. ஆனால் பி.பி. பட்டையைச் சுற்றும்போது அதே மனிதர் தானாகவே பேசுவார்: ‘ஒரே டென்ஷன்’, ‘பேஜாரா இருக்கு’, ‘தலை கிர்ருங்குது’, ‘நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது’, ‘ராத்திரி பூரா முழிச்சிக்கினே இருக்கேன்’. உடம்பின் வழியாகத்தான் இங்கே மனசுக்குள் போக முடியும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதை வைத்தே அமைந்தது.

இந்த வழிகாட்டி உளவியல், சமூகப்பணி படித்தவர்கள், செவிலியர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், யோகா பயிற்றுநர்கள் ஆகியோருக்கானது. ஒரு தெருவில் ஏறத்தாழ 20 பேரை வைத்து எட்டு வாரம் நடத்தும் முறை இது. தொடங்கும் முன் ஒன்றை மனதில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1986-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒட்டாவா சாசனம் நலவாழ்வு மேம்பாட்டுக்கு ஐந்து வேலைகளைச் சொன்னது: நலம் காக்கும் கொள்கைகளை உருவாக்குவது, துணைநிற்கும் சூழலை அமைப்பது, சமூகத்தை ஒன்றுசேர்ப்பது, தனிமனிதத் திறன்களை வளர்ப்பது, மருத்துவச் சேவையை நோயைத் தடுக்கும் பக்கம் திருப்புவது. மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, தூக்க ஒழுங்கு எல்லாம் இந்த ஐந்தில் ஒன்றுக்குள் மட்டுமே அடங்கும். தினக்கடன் வசூலிக்கும் தண்டல்காரர் வாசலில் நிற்கிற வீட்டில் மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வருவது அரைகுறை வேலை. மனிதரோடும் தெருவோடும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும்.

முதல் வாரத்துக்கு முன்: தெருவின் 24 மணி நேரம்

குறைந்தது பத்து நாள் முன்பாகவே போய் உட்காருங்கள். டீக்கடை, ரேஷன் கடை, தண்ணீர் லாரி நிற்கும் இடம், கேரம் கிளப், குத்துச்சண்டைப் பயிற்சி நடக்கும் இடம், அங்கன்வாடி என்று ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் இருந்தால் போதும். கையில் ஒரு முழு அளவுத் தாள் வைத்து, 24 மணி நேரத்தையும் ஒரு கோடாக வரைந்து, அந்தத் தெருவில் எந்த நேரத்தில் எது நெருக்குகிறது என்று குறியுங்கள். தண்ணீர் எப்போது வருகிறது, குழு லோன் வசூல் எந்தக் கிழமை எந்த வீட்டுத் திண்ணையில் நடக்கிறது, ஷிப்ட் எப்போது மாறுகிறது, ரயில்வே கேட் எப்போது மூடிக்கிடக்கிறது, டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்த பிறகு யார் யார் வீட்டில் இல்லை என்பதெல்லாம் அந்தக் கோட்டில் வர வேண்டும். நிகழ்ச்சிக்கான நேரம் அந்தக் கோட்டில் தானாகத் தெரியும்.

காசிமேட்டு மீன் விற்கும் பெண்கள் விடியலுக்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு மாலை ஆறு மணி என்பது ஏறக்குறைய நடு இரவு. பிற்பகல் மூன்று மணி சரி. வலை பின்னும் ஆண்களிடம் வலை பின்னும் இடத்திலேயே பேசுங்கள், எழுப்பி மண்டபத்துக்கு அழைக்காதீர்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் வரிசைதான் அவர்களைப் பிடிக்கக்கூடிய ஒரே இடம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடை ஊழியர்களுக்குக் கடை திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் கிடைக்கலாம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய ஒரு மாதம் கிடைக்கவே கிடைக்காது.

மாதத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஆண்கள் கையில் நேரம் இருக்கும், பணம் இருக்காது, கடன் ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டையின் தாழ்வான தெருக்களில் மழை அறிவிப்பு வந்தாலே தூக்கம் போய்விடும். அந்த மாதங்களில் எட்டு வாரத் திட்டத்தைத் தொடங்கினால் பாதியில் நின்றுபோகும். ஜனவரி நடுவிலோ ஜூலை தொடக்கத்திலோ ஆரம்பிப்பது நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் நடக்கும் தவறு, எது இலவசமாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. கட்சி அலுவலகம், சாதிச் சங்கக் கட்டடம், ஒரே ஒரு கோயில் அல்லது தேவாலயத்தின் கூடம் என்றால் தெருவில் பாதிப் பேர் படியேறவே மாட்டார்கள். மாநகராட்சிப் பள்ளி, அங்கன்வாடி, எல்லோரும் வந்துபோகும் மண்டபம் பொருத்தமானவை. முதுகு சாயும் நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை, பேசுவது வெளியே கேட்காத ஒரு மூலை ஆகிய நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த மூலை இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள், ஏனென்றால் முக்கியமான பேச்சு எல்லாம் அங்கேதான் நடக்கும்.

ஆளும் பொருளும்

20 பேருக்கு மூன்று பேர் தேவை. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். ஒருவர் அளப்பதையும் பதிவதையும் பார்ப்பார். மூன்றாமவர் அந்தத் தெருவிலேயே வாழும், பலருக்கு அறிமுகமான ஓர் அக்காவாக இருக்கட்டும். அவர் ஆளைக் கூட்டிவருவார், வராதவர் ஏன் வரவில்லை என்று சொல்வார். ஆனால் தனிப் பேச்சில் அவரை உட்கார வைக்காதீர்கள். குறுகிய சந்துகளில் அவர் யாருக்காவது நாத்தனாராகவோ அத்தையாகவோ இருப்பார். அவர் முன்னால் கடன் தொகையைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

வாங்க வேண்டியவை: மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. கருவி ஒன்று, பட்டை இரண்டு அளவில் (22–32 செ.மீ. சாதாரண அளவு, 32–42 செ.மீ. பெரிய அளவு), தையல் டேப், மாற்று பேட்டரி, பாய் நான்கு, 20 லிட்டர் தண்ணீர் கேன், பூட்டுள்ள பெட்டி, ஒரே அளவிலான ஐந்து கண்ணாடி டம்ளர். டம்ளர் எதற்கு என்பது கீழே வருகிறது. மணிக்கட்டில் கட்டும் பி.பி. கருவி வேண்டாம், கை சற்று ஏறி இறங்கினாலே அளவு மாறிவிடும்.

பதிவுத் தாளில் பெயர் எழுதாதீர்கள், எண் மட்டும் போடுங்கள். எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் வேறொரு நோட்டில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். ஒரு தாள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக்குப் போனாலும் யாருடைய கதை என்று தெரியக்கூடாது.

முதல் வாரம்: அளத்தல்

பி.பி. பார்ப்பது எளிய வேலை என்று நினைப்பதால்தான் தப்பான எண்கள் வருகின்றன. வந்தவரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். முந்தைய அரை மணி நேரத்தில் டீ, பீடி, சிகரெட், பான் பாக்கு எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக்கூடாது, பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டை வெறும் தோலில் படட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையையோ சுடிதார் கையையோ மேலே சுருட்டிவிட்டால் அதுவே கயிறு கட்டியதுபோல் இறுக்கி அளவைக் கெடுக்கும். பருமனான கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும், அதனால் முதலில் டேப்பால் மேல்கையின் நடுச் சுற்றளவை அளந்துவிட்டுப் பட்டையை எடுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரியை எழுதுங்கள்.

140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறொரு நாளும் அளந்து பாருங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் 108-ஐ அழைப்பதைத் தவிர வேறு எதையும் அப்போது செய்யக்கூடாது. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ‘டென்ஷன்தான்ம்மா’ என்று சொல்லி மூச்சுப் பயிற்சி கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அதேபோல் சோர்வு, படபடப்பு, எரிச்சல் ஆகியவற்றுக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவையும் காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யும் முன் அதையெல்லாம் மன அழுத்தத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது கேள்வித்தாள். 1983-இல் ஷெல்டன் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட உணரப்பட்ட அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவம் இதற்குப் போதுமானது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. இதில் 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகளும் நல்லதைக் கேட்பவை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், அதாவது 4 என்றால் 0, 3 என்றால் 1. இதை மறந்தால், நிம்மதியாக இருப்பவர் நொந்துபோனவராகத் தெரிவார். கூட்டுவதற்கு முன் அந்த நான்கு எண்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

வாய்விட்டுப் படித்துக் கேட்கும்போது எல்லாவற்றுக்கும் ‘எப்பவாச்சும்’ என்றே பதில் வரும். அதற்குத்தான் அந்த ஐந்து டம்ளர். முதலாவது காலி, இரண்டாவதில் கால் பங்கு தண்ணீர், மூன்றாவதில் பாதி, நான்காவதில் முக்கால், ஐந்தாவது முழுசு. ‘எவ்ளோன்னு தொட்டுக் காட்டுங்க’ என்றால் யோசித்து, விரலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தித் தொடுவார்கள். அந்தப் பதிலை நம்பலாம். இந்த அளவுகோல் நோயைக் கண்டுபிடிப்பதற்கானது அல்ல, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கக் கோடு மட்டுமே.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு இருப்பவர்களுக்கு மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகளை (PHQ-9) தனியாகக் கேளுங்கள். மொத்தம் 27-இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதற்குச் சுழியத்தைத் தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே அந்த மூலையில் உட்கார்ந்து பேச வேண்டும்.

தற்கொலை எண்ணம் தெரிந்தால்

சுற்றி வளைக்காதீர்கள். ‘சில பேருக்கு இவ்ளோ கஷ்டம் சேர்ந்து வரும்போது உயிரோட இருந்து என்னன்னு தோணும்க்கா. உங்களுக்கு அப்படித் தோணுதா?’ என்று அமைதியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். திட்டம் இருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். அவர் நம்பும் ஒருவரை அவர் சம்மதத்தோடு வரவழைத்து, வீட்டிலிருந்து ஆபத்தான பொருள்களை அகற்றச் சொல்லி, கூடவே போய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ‘சத்தியம் பண்ணுங்க’ என்று வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது பாதுகாப்பு ஆகாது. ‘புள்ளைங்கள நினைச்சுப் பாத்தியா?’ என்பது ஏற்கெனவே இருக்கும் குற்றவுணர்வில் இன்னும் ஒரு கல்லை ஏற்றும்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. இந்த மூன்று எண்களையும் அச்சிட்டுப் பங்கேற்கும் எல்லோருக்கும் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் தெரு அவரையே பார்க்கும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் இன்னும் நிறையவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொன்னால் மருத்துவமனைக்கு வரத் தயங்க மாட்டார்கள்.

எங்கே அனுப்புவது என்பதிலும் சொல் முக்கியம். 1794-இல் தொடங்கி இப்போது கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநல நிறுவனம் நல்ல சிகிச்சை தரும் இடம்தான். ஆனால் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பெயரையே சென்னையில் வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் எழுந்து போய்விடுவார்கள். ராயபுரத்துக்காரருக்கு ஸ்டான்லி என்பது பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் போய்வந்த சொந்த ஆஸ்பத்திரி. ‘ஸ்டான்லில அந்த ஓ.பி.க்கு நானே கூட வரேன்’ என்றால் பெரும்பாலும் வருவார்கள்.

இரண்டாம் வாரம்: மூச்சு

நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு வேளை. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணிகிறது. அதனால் இழுப்பதைவிட விடுவதில்தான் கவனம் இருக்க வேண்டும்.

தலை சுற்றல், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு என்று யாராவது சொல்வார்கள். ‘நல்லா ஆழமா இழுங்க’ என்று நாம் சொன்னதால் வந்த வினை அது. அளவுக்கு மீறி இழுத்து விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. ‘கொஞ்சமா இழுங்க, நிதானமா விடுங்க’ என்று மாற்றினால் இரண்டு நிமிடத்தில் சரியாகும். ‘ஆழமா’ என்ற சொல்லையே பயிற்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், பி.பி. கூடுதலாக உள்ளவர்கள் மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சி எதையும் செய்யக்கூடாது. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடும். அவர்களுக்கு மூச்சு வேண்டாம், தரையில் பதிந்த பாதத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள் அல்லது கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் எச்சரிக்கை. காற்றில் நெடி தெரியும் நாளில் மொட்டைமாடியிலோ வெளியிலோ மூச்சுப் பயிற்சி வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. அந்த இரவைப் பார்த்தவர்களிடம் ‘மூச்சை நல்லா இழுத்து ரிலாக்ஸ் ஆகுங்க’ என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகவே படும். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நெடி வந்தால் எந்தப் பக்கம் போவது, முதியவரை யார் தூக்குவது, ஈரத்துணி எங்கே இருக்கிறது என்று ஒரு வீட்டுத் திட்டம் போட்டுக்கொடுப்பது அவர்களுக்கு எந்தப் பயிற்சியையும்விட அதிகத் தூக்கத்தைத் தரும்.

மூன்றாம் வாரம்: தசைத் தளர்வு

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வளர்த்தெடுத்த முறை. ஒரு தசையை இறுக்கி, பிறகு விட்டு, இரண்டுக்குமான வித்தியாசத்தை உணர வைப்பதுதான் இதன் அடிப்படை. வலது கை முஷ்டி, இடது கை முஷ்டி, மேல்கை, நெற்றி, கண், தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்ற வரிசையில் போங்கள். 5 முதல் 7 விநாடி இறுக்கம், 20 முதல் 30 விநாடி தளர்வு, ஒவ்வொன்றும் இருமுறை. விளக்கிச் சொல்லும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

பேசும் தமிழிலேயே நடத்துங்கள்: ‘வலது கையை மூடுங்க. முக்கால் பலத்துக்கு இறுக்குங்க, முழுசா வேணாம். அந்த இறுக்கத்தைக் கவனிங்க… இப்போ விடுங்க. பொறுமையா இல்ல, சட்டுனு விடுங்க. கை கனமா மடியில விழட்டும்.’ சட்டென்று விடுவது முக்கியம். மெதுவாக விட்டால் வித்தியாசம் தெரியாது.

மூட்டை தூக்குபவர்களுக்கும் துறைமுகக் கூலி வேலை செய்பவர்களுக்கும் இடுப்பும் கழுத்தும் ஏற்கெனவே நொந்திருக்கும். அந்த இடங்களை இறுக்க விடாதீர்கள், தளர்த்துவதை மட்டும் செய்யட்டும். கெண்டைக்காலில் குரக்கை பிடித்தால் கால்விரலைத் தன் பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடக் கட்டாயப்படுத்தாதீர்கள். அடி வாங்கிய பெண்களுக்குப் பல பேர் நடுவில் கண்ணை மூடுவது பயத்தைக் கூட்டும். தரையில் ஒரு புள்ளியைப் பார்த்தாலே போதும்.

நான்காம் வாரம்: தூக்கம்

தூக்க ஒழுங்கு பற்றிய புத்தக அறிவுரையில், தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல்வார்கள். பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் படுத்திருக்கும்போது வேறு அறைக்கு எங்கே போவது? அதற்குப் பதில், இருபது நிமிடம் புரண்டும் வராவிட்டால் எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருவது, கண் சொருகியதும் பாயைத் திசை மாற்றிப் போட்டுப் படுப்பது. எந்த நேரத்தில் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே கடைசி டீ. நைட் ஷிப்டுக்குப் போகிறவர் கிளம்பும் முன் 20 முதல் 30 நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் போகட்டும்.

லாரி, ஆட்டோ ஓட்டுநர்களிடம் குறட்டையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், பகலில் ஸ்டியரிங்கில் தூக்கம் மூன்றும் இருந்தால் தூக்க மூச்சுத்தடைக்கான பரிசோதனை தேவை. எந்தத் தளர்வுப் பயிற்சியும் அதைச் சரிசெய்யாது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் தூக்க மாத்திரையை யார் பழகியிருந்தாலும் ‘நாளைக்கே நிறுத்துங்க’ என்று சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஐந்தாம் வாரம்: கடன்

எட்டு வாரத்தில் மிகவும் கனமான வாரம் இது. முந்தைய நான்கு வாரங்களில் நம்பிக்கை வளர்ந்திருந்தால்தான் நடக்கும், அதனால் முன்னே நகர்த்தாதீர்கள். குழுவாக உட்கார்ந்து யாருடைய தொகையையும் கேட்கக்கூடாது. வெற்றுத் தாளைக் கொடுத்து, ஐந்து கட்டம் போடச் சொல்லுங்கள்: யாரிடம், எவ்வளவு வாங்கியது, இதுவரை எவ்வளவு கட்டியது, வாரத்துக்கு எவ்வளவு போகிறது, எதை அடகு வைத்தது. எழுதத் தெரியாதவருக்கு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொடுங்கள். நகைக்கடன், குழு லோன், தண்டல், சீட்டு எல்லாம் தலைக்குள் ஒரே உருண்டையாகக் கிடந்தவை தாளில் தனித்தனியாகப் பிரியும்போதே முகத்தில் மாற்றம் தெரியும்.

பிறகு பிரச்சினைகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும். தீர்க்க முடிந்தது, தீர்க்க முடியாதது, இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட, ஐந்து அமர்வுகள் கொண்ட பிரச்சினை மேலாண்மைப் பயிற்சியிலும் இந்தப் பிரிப்பு இருக்கிறது. தீர்க்க முடிந்த ஒன்றை எடுத்து, நல்லதோ கெட்டதோ தோன்றும் வழிகளையெல்லாம் சொல்ல வைத்து, ஒன்றைத் தேர்ந்து, இந்த வாரமே செய்யக்கூடிய மிகச் சிறிய படியாக்குங்கள். ‘கடனை அடைக்கணும்’ என்பது படி அல்ல. ‘வியாழக்கிழமை காலைல கூட்டுறவு பேங்க்ல நகைக்கடன் வட்டி என்னன்னு கேட்டுட்டு வரேன்’ என்பது படி.

வட்டிக்காரர் மிரட்டுவதாகச் சொன்னால் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. கடன் நிறுவனங்கள் வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இதில் நீங்கள் செய்யக்கூடாதவை இரண்டு. உங்கள் கைப்பணத்தைக் கொடுக்காதீர்கள். அவருக்காக நீங்களே போய் வட்டிக்காரரிடம் பேசாதீர்கள். நீங்கள் மாலையில் கிளம்பிவிடுவீர்கள், அவர் அதே தெருவில்தான் இரவு படுக்க வேண்டும்.

ஆறாம் வாரம்: குடியும் வீட்டுக்குள் அடியும்

ஆண்களையும் பெண்களையும் இந்த ஒரு வாரம் தனித்தனியாக உட்கார வையுங்கள். தினமும் குடிப்பவரிடம் ‘நாளையிலிருந்து ஒரு சொட்டுகூடக் கூடாது’ என்று சத்தியம் வாங்குவது ஆபத்து. நீண்ட நாள் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரும் போகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கிறது என்பவரை மருத்துவமனை மேற்பார்வையில்தான் நிறுத்த வைக்க வேண்டும்.

பெண்களிடம் அடியைப் பற்றிக் குழுவில் நேரடியாகக் கேட்காதீர்கள். மூலையில், கணவரும் மாமியாரும் அருகில் இல்லாதபோது மட்டும் கேளுங்கள். ‘பொறுத்துப்போம்மா’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுக்காமல் மனப்பாடமாகச் சொல்ல வையுங்கள், ஏனென்றால் தாள் வீட்டில் சிக்கும்.

ஏழாம் வாரம்: தெருவில் ஒரு மாற்றம்

எல்லோரும் சேர்ந்து ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எரியாத தெருவிளக்கு, நடு இரவில் வரும் தண்ணீர், அடைத்துக்கொண்ட மழைநீர் வடிகால். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருவர் பொறுப்பேற்று விசாரிக்க வேண்டும். துணிக்கடை ஊழியர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இருக்கை விஷயத்தை எடுங்கள். கடை ஊழியருக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. நாள் முழுக்க நின்று கால் வீங்கி வரும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் கிடைப்பது நாம் கற்றுத்தரும் எந்தத் தளர்வுப் பயிற்சிக்கும் குறைந்ததல்ல. முதல் முறையே பெரிய கோரிக்கையை எடுத்துத் தோற்றால் தெரு இன்னும் சோர்ந்துபோகும், அதனால் சில வாரத்துக்குள் முடியக்கூடியதாகப் பாருங்கள்.

எட்டாம் வாரம்: மறு அளவு, ஒப்படைப்பு

அதே நாற்காலி, அதே நேரம், அதே பட்டை, அதே டம்ளர்கள். மதிப்பெண் குறைந்திருந்தால் மகிழலாம், ஆனால் முழுப் பெருமையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மிகவும் நொந்த நேரத்தில் வந்தவர்களுக்குச் சில வாரத்தில் தானாகவே கொஞ்சம் தணியும். மே மாதத் தடைக்காலத்தில் ஒரு மீனவக் குடும்பத்தை அளந்துவிட்டு, படகு கடலுக்குப் போன ஜூலையில் மறுபடி அளந்தால் எண் இறங்கித்தான் இருக்கும். அது கடல் தந்த நிம்மதி. பாதியில் நின்றுபோனவர்களையும் தேடிப்போய் அளக்க வேண்டும். கடைசிவரை வந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் உங்கள் அறிக்கை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

பி.பி. மாத்திரை எழுதப்பட்டவர்களின் பெயர் மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் ஏறிவிட்டதா என்று அவர்களோடு போய்ச் சரிபாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். உடம்பு தேறியதுபோல் இருக்கிறது, மூச்சுப் பயிற்சி செய்கிறேன், மாத்திரையை விட்டுவிட்டேன் என்று ஒருவராவது சொல்வார். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்பதை முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு வாரமும் சொல்லிவந்தால்தான் இது குறையும்.

கருவியைத் தெருவிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்த அக்காவும் இன்னும் இரண்டு பேரும் பட்டை கட்டவும், அளவை எழுதவும், பேட்டரி மாற்றவும் உங்கள் கண்முன் பத்து முறையாவது செய்து பழகட்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 108, 104, 14416, 181, 15100, 1913 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதன் கீழே அடுத்த அளவுக்கான தேதியையும் குறியுங்கள்: மூன்று மாதம் கழித்து ஒரு நாள், அது தடைக்காலத்துக்குள் விழுந்தால் ஜூன் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்து.